நிழற்கோடு சாய்ந்த பக்கம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அக்காவுக்கு,

இன்று 1999 பெப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. கொழும்புக்கு வந்த பிறகு உங்களுக்கு நான் எழுதும் பதினேழாவது கடிதம் இது. உங்களிடமிருந்து வந்தவை ஒன்பது. கடைசியாக வந்தது ஒக்டோபரில். யாழ்ப்பாணத் தபால் கப்பலில் வருவதால் தாமதம் என்பது தெரியும். ஆனால் நான்கு மாதம் பிந்துவதற்குக் கப்பல் சந்திரனைச் சுற்றியா வருகிறது?

நான் சுகம். கண், வயிறு, பல் எல்லாம் வேலை செய்கின்றன. உங்களுக்குக் கைகால் சுகமா? உங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் பிறிஜெற் ரீச்சரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒழுங்கையில் ஸ்ரீஸ்கந்தராசா என்று ஓய்வுபெற்ற நீர்ப்பாசன என்ஜினியர் ஒருவர் இருக்கிறார். உலக ஓவியர்கள் ஆறு பேரைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஆறு சிறிய புத்தகங்கள் எழுதுகிறார். அச்சிடுவது கொட்டாஞ்சேனையில் எங்கள் மர்ஸூக் நானாவின் அச்சகம். அச்சுத் தகடு எடுப்பது நான். முதல் புத்தகம் ஒரு பழைய சீன ஓவியரைப் பற்றியது. அதற்குக் கோட்டுப் படம் பன்னிரண்டு வேண்டும். அவர் சொன்னது இதுதான்: "ரெண்டு பேரிட்டை மும்மூண்டு மாதிரிப் படம் எடுத்துக்கொண்டு வாரும் தம்பி. பெயரைக் காட்டாதையும். பெயரைப் பாத்தால் எனக்கு ஊரும் உறவும்தான் தெரியும், படம் தெரியாது."

ஒருவர் கல்கிசையில் கம்ப்யூட்டரில் விளம்பரம் செய்பவர். மற்றவர் நீங்கள். வென்றால் ஆறு புத்தகமும் ஒரே கைக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூச்சாடி கீறக் காட்டியே காலம் கழிக்கப்போகிறீர்களா?

ட்ரேசிங் தாள் அனுப்புகிறேன். அதிலேயே இந்தியன் மையால் கீறினால் கமராவுக்குப் போகாமல் நேரே தகட்டில் வைத்து ஒளி பாய்ச்சலாம். மை அடர்த்தியாக இருக்க வேண்டும். ஆகவே ஒரு பக்கம் கீறியபின் தாளைத் திருப்பி, அதே கோடுகளின்மேல் பின்பக்கமும் மை போடுங்கள். தாளில் ஓர் எழுத்தும் வேண்டாம்.

மாதிரிப் படங்கள் ஏப்ரல் முடிவுக்குள் என் கையில் இருக்க வேண்டும். சாட்டுச் சொல்ல வேண்டாம்.

தம்பி,
தயாபரன்

*

யாழ்ப்பாணம்,
1999 மார்ச் 4.

அன்பான தயாபரனுக்கு,

உன் பதினேழும் கிடைத்தன. பதில் போடாதது என் பிழை. இந்தக் கடிதம் தட்டச்சில் இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. பள்ளிக்கூடக் கந்தோரில் தமிழ்த் தட்டச்சு ஒன்று சும்மா கிடந்தது, பழகுகிறேன். என் எழுத்தைக் கோழிக் கிண்டல் என்று நீதானே சொல்வாய்.

நான் நன்றாக இருக்கிறேன். பசிக்கிறது, சாப்பிடுகிறேன், நித்திரை வருகிறது. கால்கள் நல்ல சுகம், தினமும் நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறேன். பிறிஜெற் உனக்கு ஆசி சொல்கிறா. பள்ளிக்கூடத்தில் இந்தத் தவணை என்னை வாசிகசாலைக்கு மாற்றியிருக்கிறார்கள். சித்திர வகுப்பை இன்னொருவர் பார்க்கிறார்.

ஒக்டோபருக்குப் பிறகு நான் ஒன்றும் கீறவில்லை. இது சாட்டு அல்ல, தகவல். ஆனால் முயன்று பார்க்கிறேன். ஒரு நிபந்தனை. எல்லோருக்கும் தெரிந்த சீன ஓவியர் வேண்டாம். காவோ ஃபெங்ஹான் என்று ஒருவர் இருந்தார் என்று உன் ஐயாவிடம் சொல். நான் கொழும்பில் ஓவியம் படித்த காலத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்த ஆள். 1683இல் ஷான்டொங் மாகாணத்தில் பிறந்தவர். சிறிய அரசாங்க உத்தியோகம் பார்த்தார். பொய்க் குற்றச்சாட்டில் பிடித்து மறியலில் அடைத்தும் வைத்தார்கள். மை அரைக்கும் கற்களின்மேல் பைத்தியம். ஆயிரம் கல் சேர்த்தவர் என்கிறார்கள். ஐம்பத்தைந்தாம் வயதில் வலது கை வாதத்தில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு இடது கையால் பத்து வருடத்துக்கு மேல் கீறினார். அந்தப் படங்களைத்தான் இன்று முதலில் தேடிப் பார்க்கிறார்கள்.

இவர் என்றால் என்னால் முடியலாம். வேறு ஆள் என்றால் தெரியாது.

வெய்யிலில் தொப்பி இல்லாமல் திரியாதே.

அக்கா

*

வெள்ளவத்தை,
1999 மார்ச் 21.

அக்காவுக்கு,

சுகம். இருமல் இரண்டு நாள் வந்து போய்விட்டது. உங்களை வாசிகசாலையில் போட்டவன் யார்? கல்விக் கந்தோரில் எவருக்கும் மூளை இல்லையா? எதிர்த்து எழுதிப் போடுங்கள்.

உங்கள் ஆளைத் தேடி இந்தக் கிழமை முழுக்கப் போயிற்று. பொது நூலகத்தில் ஒரு பெரிய ஆங்கிலப் புத்தகத்தில் அவருடைய படங்கள் நான்கு இருந்தன. பிரதி எடுத்தேன். என்ஜினியர் ஐயாவுக்கு ஆளைப் பிடித்துக்கொண்டது. யார் சொன்ன யோசனை என்று நான் சொல்லவில்லை. "ஆயிரம் கல்லுச் சேத்தவனோ? எங்கடை ஆள்தான்" என்றார். அவர் அணைக்கட்டுக் கட்டியவர்.

படங்களில் இருந்த சீன எழுத்தை வாசிக்க ஆள் வேண்டுமே. அச்சகத்திலிருந்து நான்கு கடை தள்ளிப் பல் வைத்தியர் லியூ இருக்கிறார். அவருடைய தகப்பன் ஷான்டொங்கிலிருந்து வந்து, கொழும்பு முழுக்கச் சைக்கிளில் பட்டுத் துணி விற்றவர். தகப்பனுடைய ஊர்க்காரர் என்றதும் ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு எழுந்து வந்தார். "மல்லி," சிங்களத்தில் தம்பி என்றுதான் என்னைக் கூப்பிடுவார், "இந்த முத்திரையைப் பார். 'டிங்-ஸி வருசத்து ஊனமான ஆள்' எண்டு சொல்லுது. கை விழுந்த வருசம். அதையே பேராக்கி வெட்டி வச்சிருக்கிறான்."

உங்களுக்கு நேரே சொல்கிறேன்: எனக்கு இது பிடிக்கவில்லை. கை விழுந்தால் விழுந்தது. அதை முத்திரையாகக் குத்தி ஊருக்குக் காட்டுவானேன்? இடக்கைப் படங்களை நன்றாகப் பார்த்தேன். கோடு நடுங்குகிறது, பாதியில் முறிகிறது. இதைப் புகழ்பவர்கள் கோட்டுக்கு மார்க் போடவில்லை, கைக்கு மார்க் போடுகிறார்கள். இரக்க மார்க். எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியில் கடைசல் மெசினில் ஒருவன் விரலைக் கொடுத்தான். அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவனும் போனான். கதை முடிந்தது.

பிரதிகள் உள்ளே. கைகால் பத்திரம்.

தயாபரன்

*

யாழ்ப்பாணம்,
1999 ஏப்ரல் 20.

அன்பான தயாபரனுக்கு,

இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. நான் நன்றாக இருக்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். "இரக்க மார்க்" என்ற பகுதியைப் பிறிஜெற்றுக்கும் வாசித்துக் காட்டினேன். அவ எழுந்து குசினிக்குள் போய்விட்டா. எனக்குக் கோபம் இல்லை. நீ சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆகவே ஐயா சொன்னதுபோலவே நடக்கட்டும். என் பெயரை ஒருவருக்கும் சொல்லாதே. மர்ஸூக் நானாவுக்கும் சொல்லாதே.

கோடு முறிகிறது என்கிறாய். வலது கைக்கு எல்லாம் தெரியும். கண் பார்த்து முடிக்கும் முன்பே அது கீறிவிடும். இடது கைக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் கண்ணைக் கேட்டுக் கேட்டுத்தான் போகும். கேட்கிற இடத்தில் கோடு நிற்கிறது. அதை முறிவு என்று நீ சொல்கிறாய். அந்த ஆளுக்கு அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மாதிரி மூன்றும் இதோடு வருகின்றன: ஒரு பாறை, ஒரு மைக்கல், பனி பெய்த பிளம் மரக் கொப்பு. நீ சொன்னபடி இரண்டு பக்கமும் மை போட்டிருக்கிறேன். நாற்பது தாள் அனுப்பியிருந்தாய். முப்பத்தேழு அடுப்புக்குப் போயிற்று. இன்னும் அனுப்பு.

அக்கா

*

வெள்ளவத்தை,
1999 மே 16.

அக்காவுக்கு,

சுகம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைக்கிறேன். வென்றுவிட்டீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். நேற்றுக் காலை ஐயா வீட்டு விறாந்தை யன்னல் கண்ணாடியில் ஆறு தாளையும் ஒட்டினேன். பின்னால் கடல் வெளிச்சம். ட்ரேசிங் தாளில் முன் பின் இல்லை. இரண்டு பக்கமும் மை போடச் சொன்னதும் நான்தான். எந்தப் பக்கத்தை வெளியே காட்டுவது? எனக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. நிழல் காட்ட நீங்கள் அடுக்கடுக்காகப் போடும் சாய்கோடு, உங்கள் நிழற்கோடு, எனக்குத் தெரியாதா? வலப்பக்க மேலிருந்து இடப்பக்கக் கீழே, சோளகக் காற்றில் சாய்ந்த மழைபோல. அதை வைத்துப் பக்கத்தைத் தீர்மானித்தேன். வேறொரு தகட்டுக்காரன் என்றால் திணறியிருப்பான்.

மர்ஸூக் நானாவும் வந்திருந்தார். ஐயா கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நாலைந்து தரம் மேலும் கீழும் நடந்தார். பிறகு கல்கிசைக்காரருடைய படங்களைக் காட்டினார்.

"இந்த மூண்டும் நல்ல வடிவு. ஆனால் அங்கை ஒருத்தரும் இல்லை." உங்களுடையவற்றின் முன்னால் நின்றார். "இது ஆரோ யோசிச்சு யோசிச்சுக் கீறினது. உந்தப் பாறையிலை நான் அணை கட்டுவன்."

மர்ஸூக் நானா சொன்னார்: "அந்தக் கல்லு ஈக்கிதே, தொட்டா கை நோகும் போல."

ஐயா என் பக்கம் திரும்பினார். "உது ஆற்ரை, தம்பி?"

"என்ரை அக்கான்ரை."

"முந்தியே சொல்லியிருந்தால் வேண்டாமெண்டிருப்பன். சிபாரிசு எண்டாலே எனக்கு அலர்ஜி." பிறகு கொஞ்சம் சிரித்தார். "நல்ல காலம், நீர் வாயை மூடிக்கொண்டிருந்தது."

உங்கள் கோடு மாறியிருக்கிறது. முன்பு வழுக்கிக்கொண்டு ஓடும். இப்போது ஒவ்வொன்றும் நின்று பார்க்கிறது. சீனப் படம் பார்த்ததால் வந்த மாற்றம் என்று நினைக்கிறேன். எதுவானாலும் விடாதீர்கள்.

மீதி ஒன்பது ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள். "இடது கை" என்ற அத்தியாயத்துக்குக் கை ஒன்று கீற வேண்டும் என்று ஐயா கேட்கிறார். புதுத் தாள் ஒரு கட்டு வருகிறது. வாசிகசாலைக்காரனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

கைகால் சுகம்தானே?

தயாபரன்

*

யாழ்ப்பாணம்,
1999 ஜூன் 12.

அன்பான தயாபரனுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுப் பிறிஜெற் கிணற்றடியில் நின்று பாட்டுப் பாடினா. அயல்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். நான் அன்று இரண்டு பிளேட் புட்டுச் சாப்பிட்டேன். நடை நல்லாய் இருக்கிறது, பசியும் நல்லாய் இருக்கிறது.

பள்ளிக்கூட அதிபரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தா. "அடுத்த தவணை வகுப்பை நீங்களே எடுங்கோ" என்றா. நான் கேட்கக்கூட இல்லை.

எட்டுப் படங்கள் அனுப்புகிறேன். மறியல் வாசல், மேசை, ஆறு, மைக்கல் மூன்று, அவர் பிறந்த ஊர் மலை, கடைசிக் காலத்து வீடு. ஒன்று குறைகிறது. "இடது கை" என்ற அத்தியாயத்துக்குக் கை ஒன்று கீற வேண்டும் என்று ஐயா கேட்டதாக எழுதியிருந்தாய். அது வேண்டாம். கையைக் காட்டாமலே இந்தக் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நிழற்கோட்டைப் பார்த்துப் பக்கம் தீர்மானித்ததாக எழுதியிருந்தாய். அதைப் பற்றி

சரி, விடு. பிறகு பார்ப்போம்.

அக்கா

*

வெள்ளவத்தை,
1999 ஜூலை 11.

அக்காவுக்கு,

சுகம். மட்டக்குளி பஸ்ஸில் நின்று நின்று கால் வீங்கியதைத் தவிர.

எட்டும் கிடைத்தன. ஐயா ஒவ்வொன்றுக்கும் ஓர் அரை மணித்தியாலம் எடுத்தார். ஆனால் கை இல்லாமல் புத்தகம் இல்லை என்கிறார். "கை விழுந்த மனிசன்ரை கதையிலை கையைக் காட்டாமல் விட்டால் பிள்ளையள் என்னட்டைத்தான் கேப்பினம். நான் என்ரை கையைக் காட்டுறதே?" நானும் அவர் பக்கம்தான். அக்கா, பதினொரு படம் கீறியவருக்கு ஒரு கை கீற முடியாதா? எதற்கு இந்த இழுத்தடிப்பு? ஓகஸ்ட் கடைசியில் மெசின் ஓடத் தொடங்கும். பதினொன்றுக்கும் தகடு தயார். பன்னிரண்டாவதுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

மாதிரி அச்சுத் தாள்கள் உள்ளே. கறுப்பைப் பாருங்கள். கொழும்பில் ஒருவனும் இந்தக் கறுப்பை எடுக்கமாட்டான்.

லியூ டொக்டருக்கும் காட்டினேன். அவர் ஒரு விசர்க் கதை சொன்னார். "மல்லி, எங்கட சுருளை வலப்பக்கத்திலிருந்துதான் விரிப்பம். பாதை அங்கயிருந்து உள்ள வரும். உன்ர அக்கா எல்லாம் விளங்கின ஆள். ஆனா இதில பாதை எல்லாம் மற்றப் பக்கத்தால வருது. ஏன்?" பல் வைத்தியருக்குப் பல்லைப் பற்றிக் கேட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கை எங்கே?

தயாபரன்

*

யாழ்ப்பாணம்,
1999 ஓகஸ்ட் 8.

அன்பான தயாபரனுக்கு,

காலை உயர்த்தி வைத்துப் படு.

அச்சுத் தாள்களைப் பார்த்தேன். கறுப்பு மிகவும் நன்று. நீ சொன்னது சரி, அந்தக் கறுப்பை வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். மேசையில் பரப்பி வைத்து நெடுநேரம் பார்த்தேன். ஒன்று சொல்ல நினைத்தேன். சொன்னால் வேறொன்றும் சொல்ல வேண்டிவரும். உன் தகடு தயாராகிவிட்டது, படமும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியே போகட்டும்.

உன் லியூ டொக்டருக்கு என் வணக்கத்தைச் சொல். கெட்டிக்காரர்.

நீங்கள் இரண்டு பேரும் விடமாட்டீர்கள் என்று தெரிந்துவிட்டது. பன்னிரண்டாவது தாள் இதோடு வருகிறது. எந்தப் பக்கம் என்று இதற்குக் குழம்பமாட்டாய்.

அக்கா

*

கொட்டாஞ்சேனை, அச்சகத்திலிருந்து,
1999 ஓகஸ்ட் 27, வெள்ளி.

அக்கா,

வெள்ளிக்கிழமை மதியம், மர்ஸூக் நானா தொழுகைக்குப் போயிருந்த நேரம், உங்கள் பார்சல் வந்தது. மெசினில் முதல் எட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தாளை எடுத்து ஒளிமேசையில் வைத்தேன். தூரிகை பிடித்த கை ஒன்று, பக்கத்தில் மைக்கல். வழக்கம்போல நிழற்கோட்டைப் பார்த்துப் பக்கத்தைத் தீர்மானித்தேன். அது வலது கை.

அத்தியாயத்தின் பெயர் "இடது கை".

அக்காவுக்குத் தலை சுகமில்லை என்று நினைத்தேன். தாளைத் திருப்பினேன். இடது கை வந்தது. நிழற்கோடு மற்றப் பக்கம் சாய்ந்தது. திரும்பவும் திருப்பினேன். கோடு சரி, கை பிழை. திருப்பினேன். கை சரி, கோடு பிழை. எத்தனை தரம் என்று எண்ணவில்லை. ஒரு தாள் இரண்டு பக்கமும் பிழையாக இருக்க முடியாது. அப்படி இருந்தால் பிழை தாளில் இல்லை.

சட்டைப் பையிலிருந்து பேர்ஸை எடுத்தேன். எனக்குப் பத்து வயதில் நீங்கள் என்னைக் கீறிய படம் அதற்குள் இருக்கிறது. அதில் நிழற்கோடு நான் சொன்னபடிதான். வலது கையால் கீறினால் அப்படித்தான் விழும். இடது கையால் கீறினால் எப்படி விழும் என்று ஒரு பென்சிலை எடுத்துக் கீறிப் பார்த்தேன். கோடு மற்றப் பக்கம் சாய்ந்தது.

பிறகு படத்தில் இருந்த விரலைப் பார்த்தேன். ஆட்காட்டி விரலின் இரண்டாம் கணுவில் பாக்குவெட்டித் தழும்பு. அந்தத் தழும்பு சீனாவில் இல்லை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, உங்கள் இடது கையில்.

உங்கள் கடிதங்கள் மேசை லாச்சியில் இருந்தன. எல்லாம் தட்டச்சு. கைகால் சுகமா என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறேன். கால் சுகம், நடை சுகம் என்றுதான் பதில், கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாசிகசாலை. ஒக்டோபர். நான் என்ன படித்தேன், எதற்குப் படித்தேன் என்று தெரியவில்லை.

மெசினை நிறுத்தினேன். மர்ஸூக் நானா திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். "எவன்டா மிசினெ நிப்பாட்டின?"

"நான்தான். பதினொரு படமும் பக்கம் மாறிப் போச்சு."

"மலைக்கு வலது இடது ஈக்கா? யாருக்குத் தெரியப்போகுது?"

"கீறினவவுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாமல் விட்டவ." பிறகு காரணத்தைச் சொன்னேன். நானா உள்ளே வந்தார். ஓடின தாள்களை ஒரு கட்டாகத் தூக்கி மூலையில் வைத்தார். "பிள்ளைகளுக்குக் கொப்பி தைப்போம். நீ புதுத் தகடு எடு."

பிற்பகல் முழுக்கப் பதினொன்றையும் திருப்பி எடுத்தேன். லியூ டொக்டரைக் கூப்பிட்டேன். பாதைகள் எல்லாம் வலப்பக்கத்தால் வருகின்றன. "இப்பதான் பாதையில வாற ஆள் வீட்டுக்குள்ள வாறான்" என்றார்.

இரக்க மார்க் என்று எழுதியிருந்தேன். அது பிழையான அளவீடு. ரத்து.

இப்போது எனக்குப் பதில் வேண்டும். எப்போது, எங்கே, எவ்வளவு? டொக்டர் என்ன சொல்கிறார்? ஏன் எனக்குச் சொல்லவில்லை? தட்டச்சில் வேண்டாம்.

தயாபரன்

*

யாழ்ப்பாணம்,
1999 செப்ரெம்பர் 20.

அன்பான தயாபரனுக்கு,

இதுதான் என் இடது கை எழுத்து. கோழிக் கிண்டல் என்று இனி நீ சொல்ல முடியாது, கோழி வெட்கப்படும்.

போன ஒக்டோபர் மாதம், பின்னேரம், பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது. ஷெல் துண்டு. வலது மணிக்கட்டு நரம்பு அறுந்துவிட்டது. கையை வெட்டாமல் காப்பாற்றினார்கள். விரல்கள் மூடாது. டொக்டர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நோவு இப்போது இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்லியிருந்தால் வேலையை எறிந்துவிட்டு முதல் கப்பலில் ஏறி வந்திருப்பாய். வந்து என் கையைப் பார்த்திருப்பாய். என் படத்தை ஒருநாளும் பார்த்திருக்கமாட்டாய். இங்கே எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். நான் கீறியதைக் காட்டினால் முதலில் கண் கலங்கும், பிறகு "நல்லாயிருக்கு ரீச்சர்" என்பார்கள். வட்டம் பலாக்காய்போல வந்த நாளிலும் அதையே சொன்னார்கள்.

நீ ஒருவன்தான் உண்மையைச் சொன்னாய், தெரியாமலே. "கோட்டுக்கு மார்க் போடவில்லை, கைக்கு மார்க் போடுகிறார்கள்." அந்த வரியை வெட்டி மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். பிறிஜெற் கிழித்து எறியப் பார்த்தா, விடவில்லை. கைக்கு மார்க் போட முடியாத ஓர் ஆள் தேவைப்பட்டார். அந்த யன்னல் கண்ணாடி கிடைத்தது. நீ பக்கம் மாற்றி ஒட்டியும் உன் ஐயா பாறையில் அணை கட்டுவேன் என்றாரே, தயாபரன். உன் கடிதத்தில் அந்த இடத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று உனக்குத் தெரியாது.

அச்சுத் தாள்களைப் பார்த்தபோதே பக்கம் மாறியது தெரிந்தது. சொல்லாமல் விட்டேன். ஆனால் கை கீறத் தொடங்கியதும் முடியவில்லை. என் கையை முன்னால் வைத்துப் பார்ப்பேன், பிறகு அதே கையால் கீறுவேன். ஐந்து நாள். நான்காம் நாள் தழும்பு வந்தது. அழிக்கலாம் என்று நினைத்து, விட்டுவிட்டேன். நீ பார்ப்பாய் என்று தெரியும்.

இப்போது காவோ அந்த முத்திரையை ஏன் வெட்டினார் என்று விளங்குகிறது. கேட்பதற்கு முன் சொன்னால் அது மன்றாட்டு. நின்று காட்டிய பிறகு சொன்னால் அது பெயர். அட்டையில் என் பெயர் வரும் இடத்தில் இப்படிப் போடு: "ஓவியம்: ஜெகதீஸ்வரி, இடது கை." இதில் ஓர் எழுத்தும் கூட்டக் குறைக்க வேண்டாம். முன்னுரையில் ஷெல் கதை வேண்டாம் என்று ஐயாவிடம் சொல்.

புத்தக வெளியீட்டுக்கு வரச் சொல்லி ஐயா அனுப்பிய அழைப்பைக் காட்டி இராணுவத்திடம் பயண அனுமதி எடுத்துவிட்டேன். ஒக்டோபர் மூன்றாம் கிழமைக் கப்பல். திருகோணமலையிலிருந்து ரெயில். இந்தத் தவணை சித்திர வகுப்பு திரும்பவும் என்னிடம். ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், நாங்களும் இடக்கையாலை கீறிப் பாக்கலாமோ?" முழு வகுப்பும் கீறியது. பலாக்காய்த் தோட்டம்.

கைகால் சுகம். ஒன்று வேலை செய்யவில்லை, மற்ற மூன்றும் செய்கின்றன.

அக்கா

*

வெள்ளவத்தை,
1999 ஒக்டோபர் 10.

அக்காவுக்கு,

சுகம். மூன்று நாள் தூங்கவில்லை, ஆனால் சுகம். புத்தகம் முடிந்துவிட்டது.

வெள்ளியன்று கடைசித் தாள் வெட்டித் தைத்தார்கள். அட்டையில் நீங்கள் சொன்னபடியே, ஓர் எழுத்தும் கூட்டவில்லை. ஐயாவிடம் முன்னுரைக் கதையைச் சொன்னேன். "நான் என்னத்துக்கு எழுதுறன்? படம் வாயை மூடிக்கொண்டே எல்லாம் சொல்லுது" என்றார். இரண்டாவது புத்தகம் யாரைப் பற்றி என்று உங்களைக் கேட்டுத்தான் தீர்மானிப்பாராம். ஆறும் உங்கள் கைக்குத்தான். எந்தக் கை என்று அவர் கேட்கவில்லை.

கல்கிசைக்காரர் அச்சகத்துக்கு வந்தார். புத்தகத்தைப் புரட்டிவிட்டு பன்னிரண்டாவது படத்தில் நின்றார். "இந்தக் கோட்டை மெசினில எடுக்கேலாது" என்றார். அதைச் சொல்வதற்கு ஆளுக்கு நெஞ்சு வேண்டும். தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

நீங்கள் வரும்போது கதைக்க நிறைய இருக்கிறது. எனக்கு எழுதிக் கதைக்க வராது. இனி நான் செய்யப்போவது:

1. லியூ டொக்டருக்கு முதல் பிரதி. "நான் சொன்னேன் தானே" என்று அவர் சொல்வார். கேட்டுக்கொண்டு நிற்பேன்.

2. வெள்ளவத்தைப் பொலிஸில் உங்கள் வரவைப் பதிவது. வடக்கிலிருந்து வருபவர்கள் காரணம் என்ற இடத்தில் வைத்தியம் என்றோ வெளிநாடு என்றோதான் போடுவார்கள். உங்களுக்கு: தொழில், ஓவியர். காரணம், வேலை.

3. இரண்டாவது புத்தகத்துக்கு ட்ரேசிங் தாள் வெட்டுவது. ஒவ்வொன்றிலும் வலப்பக்க மேல் மூலையைச் சரித்து வெட்டிவிடுவேன். இனிப் பக்கத்தைத் தாள் சொல்லும், நான் சொல்லமாட்டேன்.

4. பக்கம் மாறி ஓடிய தாள்களில் பாறைப் படத்தை எடுத்து என் அறைச் சுவரில் ஒட்டுவது. கண்ணாடியில் பார்த்தாலும் வென்ற படம்.

5. தினமும் இடது கையால் ஒரு நேர்கோடு கீறிப் பார்ப்பது. இன்று கீறினேன். பலாக்காய்கூட இல்லை, பாகற்காய்.

6. கோட்டை ஸ்ரேஷனில் நிற்பது. மேடையில் ஓடி வரமாட்டேன். நீங்கள் கேளாமல் உங்கள் பெட்டியைத் தூக்கவும் மாட்டேன்.

தயாபரன்